ஜாதவ்பூரும் உபகாரச் சம்பளமும்

அயல்நாட்டு மாணாக்கருக்கு நமது அரசாங்கம் உபகாரச் சம்பளம் வழங்குவானேன் என்று வினவுவோர் உளர். அவர்களுக்கு விடை கூறக் கல்கத்தாவின் தென்பகுதியிலுள்ள ஜாதவ்பூரின் வரலாறே போதும்.

1904-ஆம் ஆண்டில் யோகேந்திர சந்திர கோஷ் என்னும் வங்கப் பெரியார் ஒரு சங்கம் நிறுவி, மக்களிடம் நிதி திரட்டி, தொழிற்கல்வி பயில இளைஞர்களை ஜப்பானுக்கும் மேனாடுகளுக்கும் அனுப்பலானார். அந்நாளில் நாம் பிறர் வாயிலில் நின்று கற்றோம்.

1905-இல் வங்கம் பிரிக்கப்பட்டது. சுதேசிக் கிளர்ச்சி மூண்டது. கல்வியும் நமதாதல் வேண்டும் எனக் கருதிய தலைவர்கள் 1906-இல் தேசியக் கல்விக் கழகத்தை அமைத்தனர். அவ்வாண்டிலேயே தோன்றிய வங்கத் தொழில்நுட்பக் கல்வி நிலையம் பின்னர் ஜாதவ்பூரில் வேரூன்றி, 1955 டிசம்பர் 24-இல் பல்கலைக்கழகமாயிற்று. அதற்கு முன்னரே, 1950-இல், மத்திய கண்ணாடி, பீங்கான் ஆராய்ச்சி நிலையம் ஜாதவ்பூரில் திறக்கப்பெற்றது. அதே 1950-இல் மௌலானா ஆசாத் நிறுவிய இந்தியக் கலாசார உறவுக் கழகம், பிற நாட்டு மாணாக்கரை உபகாரச் சம்பளம் தந்து நம் பல்கலைக்கழகங்களுக்கு இன்றும் அழைத்து வருகிறது.

இதனால் நாம் அடையும் பயன் யாது? 1907-இல் நிதி இலாகா அதிகாரியாகக் கல்கத்தா வந்த தமிழ் இளைஞர் சி. வி. இராமனுக்கு, மகேந்திரலால் சர்க்கார் 1876-இல் தோற்றுவித்த விஞ்ஞான வளர்ச்சிக் கழகம் தன் ஆய்வுக்கூடத்தைத் திறந்துவிட்டது. 1928-இல் அங்கே அவர் கண்டறிந்த ஒளிச்சிதறல் விளைவு, 1930-இல் அவருக்கு நோபல் பரிசையும், இடமளித்த கழகத்துக்கு அழியாப் புகழையும் தந்தது. பௌபஜாரிலிருந்த அக்கழகம் இப்போது விளங்குவதும் ஜாதவ்பூரிலேயே.

பிற மாநிலங்களில் வாழும் நாம் இதனை நன்கு உணர்வோம்: வந்தவனுக்கு இடந்தரும் ஊரே வளர்கின்றது.