மவுசாகலையும் மெயின்பிரேமும்

நுவரெலியா மாவட்டத்தில் இரண்டு குணம் கொண்ட நீர்த்தேக்கங்கள் உண்டு. காசல்ரீயும் மவுசாகலையும் தென்மேல் பருவமழை கொட்டும் நீரை மாதக்கணக்கில் தாங்கி நிற்பவை. தலவாக்கலையில் 2012இல் இயங்கத் தொடங்கிய மேல் கொத்மலை அப்படியல்ல. 150 மெகாவாட் நிலையம் அது. ஆனால் அணைக்குப் பின்னால் நிற்கும் நீர் சொற்பம். ஆற்றில் வருவதை வந்தவாறே பயன்படுத்த வேண்டும். தவறினால் வான்கதவு வழியே போய்விடும்.

பெரிய வங்கிகளும் காப்புறுதி நிறுவனங்களும் வைத்திருக்கும் ஐபிஎம் மெயின்பிரேமில், இசட்விஎம் என்ற மென்பொருள் ஒரே இயந்திரத்தைப் பல மெய்நிகர் கணினிகளாகப் பங்கிட்டுக் கொடுக்கிறது. இதன் முன்னோடியான விஎம்/370ஐ ஐபிஎம் 1972இல் அறிவித்தது. மவுசாகலை அணை முடிந்து மூன்று ஆண்டுக்குப் பிறகு. அந்த ஒரே இயந்திரத்துக்குள் மேலே சொன்ன இரண்டு குணங்களும் இருக்கின்றன. நினைவகம் மவுசாகலை மாதிரி. புரொசசர் மேல் கொத்மலை மாதிரி: பயன்படுத்தாமல் விட்ட ஒரு வினாடி போனதுதான், நாளைக்கு எடுத்து வைக்க முடியாது. கண்காணிப்பில் நடக்கும் பெரும்பாலான குழப்பம் இந்த இரண்டையும் ஒரே கண்ணால் பார்ப்பதால் வருகிறது என்பது என் கருத்து.

மவுசாகலையை நாளுக்கு ஒருமுறை அளந்தால் போதும். மட்டம் அவ்வளவு மெதுவாகத்தான் இறங்கும். (வரட்சி முற்றினால் அளவுகோலே வேண்டாம், நீருக்குள் போன பழைய மஸ்கெலியா நகரத்தின் வழிபாட்டுத் தலங்கள் தலைகாட்டத் தொடங்கும், ஊரே போய்ப் பார்க்கும்.) மேல் கொத்மலையை நாளுக்கு ஒருமுறை அளப்பது வீண்வேலை. சில மணி நேர அடைமழையில் நிலைமை தலைகீழாகிவிடும். அதனால்தான் வான்கதவுகள் தாமாகத் திறக்கும்படி அமைத்திருக்கிறார்கள். எத்தனை நேரத்துக்கு ஒருமுறை பார்ப்பது என்பதை, எவ்வளவு தேங்கும், எவ்வளவு வேகமாக ஓடும் என்ற இரண்டும் சேர்ந்துதான் தீர்மானிக்கின்றன.

இசட்விஎம்மின் மொனிட்டர் வசதி வழக்கமாக நிமிடத்துக்கு ஒருமுறை மாதிரி எடுக்கிறது. நல்ல இடைவெளிதான். ஆனால் மேலாளரின் மேசைக்குப் போகும்போது அது நாள் சராசரியாகச் சுருங்கிவிடுகிறது. "புரொசசர் 60 சதவீதம்" என்று அறிக்கை சொல்லும். மாதக் கடைசியில் முற்பகல் பத்து மணிக்கு அரை மணி நேரம் எல்லா மெய்நிகர் கணினிகளும் வரிசையில் நின்றது அந்த எண்ணுக்குள் அமுங்கிப்போயிருக்கும். மறுபக்கம், மெயின்பிரேமில் புரொசசர் 95 சதவீதம் ஓடுவதைக் கண்டு பதறவும் தேவையில்லை. அது அப்படி ஓடுவதற்கென்றே வடிவமைக்கப்பட்டது. கேட்க வேண்டிய கேள்வி, யார் காத்திருக்கிறார் என்பது. லினக்ஸ் ஓடும் மெய்நிகர் கணினியின், அதாவது லினக்ஸ் விருந்தினரின், உள்ளேயிருந்து பார்த்தால், தன் முறை வராமல் பறிபோன நேரத்தை "ஸ்டீல்" என்ற கணக்கு காட்டும். வெளியிலிருந்து பார்த்தால், இன்டிகேட் கட்டளை வரிசையில் நிற்பவர்களைக் காட்டும்.

யாருக்கு முன்னுரிமை என்பதிலும் இரண்டு இடத்து நடைமுறையும் ஒத்துப்போகின்றன. சென்கிளயார் நீர்வீழ்ச்சி வற்றிவிடாதிருக்க, மேல் கொத்மலையிலிருந்து பகலில் ஓரளவு நீரை விட்டாக வேண்டும் என்பது திட்டத்தின் நிபந்தனை. மின்சாரத்துக்கு எவ்வளவு தேவையிருந்தாலும் அந்தப் பங்கு தனி. இசட்விஎம்மில் இதற்கு நிகரானது அறுதிப் பங்கு; இயந்திரத்தில் இத்தனை சதவீதம் என்று ஒருவருக்கு ஒதுக்குவது. மற்றவர்களுக்கு ஒப்புப் பங்கு, ஆளுக்கு 100 என்று தொடங்கும். புதிதாகப் பத்துப் பேர் வந்தால் எல்லோருக்கும் சத்தமில்லாமல் குறையும். அறுதிப் பங்கை எல்லோருக்கும் அள்ளிக் கொடுத்த நிர்வாகி, யாருக்கும் எதையும் உறுதி செய்யவில்லை.

அளவு அலகில் மட்டும் மின்சார சபைக்காரர்கள் ஒரு படி மேலே. நீர்த்தேக்கத்தில் இருப்பதை அவர்கள் கன மீட்டரில் மட்டுமல்ல, கிகாவாட் மணியிலும் சொல்கிறார்கள். மவுசாகலையிலிருந்து இறங்கும் நீர் கெனியன், புதிய லக்ஷபான, பொல்பிட்டிய என்று மூன்று நிலையங்களைச் சுழற்றிவிட்டுத்தான் கீழே போகிறது. அதனால் அங்குள்ள ஒரு கன மீட்டரும், ஒரே நிலையத்தோடு வேலை முடிந்துவிடும் இடத்து ஒரு கன மீட்டரும் சமமல்ல. இருப்பை, அதனால் ஆகும் வேலையாக மாற்றிச் சொல்லும் கணக்கு அது. மெயின்பிரேமில் எம்எஸ்யூ என்ற அலகு இருக்கிறது, ஆனால் அது பெரும்பாலும் மென்பொருள் கட்டணம் கணக்கிடவே பயன்படுகிறது. "இந்த நினைவகம் இன்னும் எத்தனை விருந்தினரைத் தாங்கும்" என்று கேட்டால் அது வாய் திறக்காது.

நினைவகத்தில்தான் உண்மையான ஆபத்து இருக்கிறது. இசட்விஎம் தன்னிடம் இருப்பதைவிட அதிகமான நினைவகத்தை வாக்களிக்கும். போதாதபோது பக்கங்களை வட்டுக்கு மாற்றும். லினக்ஸோ, கொடுத்த நினைவகம் முழுவதையும் கோப்புத் தற்காலிகச் சேமிப்புக்காகப் பிடித்துக்கொள்ளும் பழக்கமுள்ளது. உள்ளே பாதி வீணாகக் கிடந்தாலும் வெளியே எல்லாமே பயன்பாட்டில் இருப்பதாகத் தெரியும். வட்டில் ஒதுக்கிய பேஜிங் இடம் நிரம்பினால் தாமாகத் திறக்கும் வான்கதவு எதுவும் இங்கே கிடையாது. பிஜிடி004 என்ற குறியீட்டோடு முழு அமைப்பும் விழும். அதன்மேல் ஓடிய அத்தனை பேரும் ஒன்றாக விழுவார்கள். நீர்த்தேக்கம் நிரம்பி வழிந்தால் நட்டம் நீர்தான், மின்னிலையம் நிற்பதில்லை.

ஆகவே மெய்நிகர் கணினிகளைப் பராமரிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். புரொசசரை நிமிடக் கணக்கில், உச்ச நேரத்தை மட்டும் எடுத்துப் பாருங்கள். பேஜிங் இடத்தின் ஏற்றத்தை வாரக்கணக்கில் வரைந்து வையுங்கள். பாதியைத் தொட்டதும் எச்சரிக்கை வரட்டும். லினக்ஸ் விருந்தினரின் நினைவகத்தை, அது தன் சொந்த ஸ்வாப் இடத்தை லேசாகத் தொடும் வரை குறையுங்கள். இவை முடிந்த பிறகு புதிய நினைவகத்துக்குக் காசு கேட்கலாம்.