சோழவரத்துக்குப் போன பை

மாங்காட்டிலிருந்து காலை ஆறு மணிக்குக் கிளம்பினால், பூந்தமல்லியில் பெங்களூர் ஹைவேயைப் பிடித்து முக்கால் மணி நேரத்தில் இருங்காட்டுக்கோட்டை போய்விடலாம். சனி, ஞாயிறு இரண்டு நாளும் கார் ரேஸ். முந்தின நாள் ராத்திரி ஹாலில் எல்லாவற்றையும் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில் நான்கு, தொப்பி மூன்று, சன்ஸ்க்ரீன், எலக்ட்ரால் பாக்கெட், பவர் பேங்க், பழைய ஜமக்காளம். சாப்பாட்டுக்கு எலுமிச்சை சாதம். தயிர் சாதம் அந்த வெயிலில் மதியத்துக்குள் புளித்துவிடும். ஏழு வயது மகளுக்கு ஹெட்ஃபோன் மாதிரி ஒரு காதுக் கவசம். எனக்கு நுரை இயர்பிளக்.

அப்பா அந்த இயர்பிளக்கை எடுத்து விரலில் உருட்டிப் பார்த்தார். "இன்னாடா இது, காதைப் பொத்திக்கினு ரேஸ் பாக்குறதா?"

கேட்டவர் இரண்டு காதிலும் மிஷின் மாட்டியிருப்பவர்.

அப்பா பார்த்ததெல்லாம் சோழவரம். எழுபதுகளின் கடைசியில் தொடங்கி, அங்கே ரேஸ் நின்று போகும் வரை. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பிரஸ் ஷாப்பில் வேலை. கூட வேலை பார்த்த நாலைந்து பேர் சேர்ந்து சைக்கிளில் செங்குன்றம் வழியாகப் போவார்களாம். சனிக்கிழமை போனால் ஞாயிறு ராத்திரிதான் வீடு. பையில் என்ன இருந்தது என்று ஒருமுறை உட்காரவைத்துக் கேட்டேன். மஞ்சள் பை ஒன்று. அதில் வாழையிலையில் கட்டிய புளிசாதம், ஒரு டார்ச், ஒரு தினத்தந்தி, ஒரு லுங்கி. அவ்வளவுதான். தண்ணீர்? "அங்க ஊர்ல யார் வூட்ல கேட்டாலும் குடுப்பாங்க."

லுங்கியைப் பற்றி மட்டும் பத்து நிமிஷம் பேசினார். பகலில் தலைக்கு முக்காடு. இரண்டு குச்சி கிடைத்தால் பந்தல். ராத்திரி அதுவே போர்வை. தினத்தந்தி உட்கார. படித்துவிட்டு உட்கார்ந்தார்களா, உட்கார்ந்துவிட்டுப் படித்தார்களா என்று நான் கேட்கவில்லை.

சோழவரம் என்றால் இன்று நமக்கு ஏரி. சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகளில் ஒன்று, கோடையில் அதன் மட்டம் செய்தியில் வரும். அந்தப் பக்கம் இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளம் ஒன்று இருந்தது. ஜப்பான்காரன் வந்துவிடுவான் என்று 1942 ஏப்ரலில் மெட்ராஸே பாதி காலியான காலம் அது. அரசு அலுவலகங்கள் உள்ளூர்களுக்கு இடம்பெயர்ந்தன. பட்டணத்தைச் சுற்றி அங்கங்கே ஓடுதளங்கள் எழுந்தன. போர் முடிந்தது. விமானங்கள் போய்விட்டன. நீளமான, தட்டையான தரை மட்டும் வெயிலில் கிடந்தது.

இதே கதை உலகம் முழுக்க நடந்திருக்கிறது. இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோன் ஒரு குண்டுவீச்சு விமானத் தளம். 1948ல் அங்கே கிராண்ட் ப்ரீ ஓடியபோது ஓரங்களில் வைத்ததெல்லாம் வைக்கோல் கட்டும் டிரம்மும்தான். அதே ஆண்டு குட்வுட். அமெரிக்காவில் செப்ரிங், அதுவும் போர் விமானிகளுக்குப் பயிற்சி கொடுத்த தளம். 1950ல் ரேஸ் தொடங்கியது. நம் ஊரில் கல்கத்தாவில் பாரக்பூர், மெட்ராஸில் சோழவரம். மோட்டார் பந்தயம் பணக்கார விளையாட்டு என்பார்கள், சரிதான். ஆனால் அதற்குப் பல மைதானங்களைப் போட்டுக் கொடுத்தது யுத்தம். காசு கொடுத்துப் பந்தயத் தடம் போட அன்று யாரிடமும் மனசும் இல்லை, சிமெண்டும் இல்லை.

மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953ல் உருவானது. அதன் வருடாந்திரப் பந்தயம் சோழவரத்தில் வேரூன்றியது. கோவை, பெங்களூர், கல்கத்தா, பம்பாய், கொழும்பிலிருந்தெல்லாம் ஓட்டுபவர்கள் வந்தார்கள். கார் இறக்குமதி நெருக்கப்பட்ட காலம் என்பதால் களத்தில் எல்லாமே கலவை: எங்கிருந்தோ வந்து சேர்ந்த பழைய லோட்டஸ் ஒரு பக்கம், உள்ளூர் பட்டறையில் மேல்பாகத்தைக் கழற்றி எறிந்த ஃபியட், ஹெரால்ட் இன்னொரு பக்கம். எண்பதுகளின் தொடக்கத்தில் விஜய் மல்லையா பழைய என்ஸைன் ஃபார்முலா ஒன் கார் ஒன்றை இங்கே ஓட்டினார். கோவையின் கரிவரதன், மாருதி 800 எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கை ரேஸ் காரை வடிவமைத்தார், ஃபார்முலா மாருதி. இவ்வளவு மலிவாக ஒரு ரேஸ் கார் செய்ய முடியும் என்று காட்டியது அதுதான். 1995ல் விமான விபத்தில் கரிவரதன் இறந்தபோது அவருக்கு வயது அதிகமில்லை. கோவை செட்டிப்பாளையத்து ரேஸ் டிராக்கில் அவர் பெயர் இருக்கிறது.

ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. சோழவரத்தில் கிளப்புக்குச் சொந்தமாக ஒரு செங்கல்கூடக் கிடையாது. இரவல் இடம். ஒவ்வொரு வருஷமும் தடத்தையே மூட்டை கட்டிக்கொண்டு போகவேண்டும். வைக்கோல் கட்டு, டிரம், கயிறு, சாமியானா, ஒலிபெருக்கி, கடிகாரம், கொடி. வாரக்கடைசி முடிந்ததும் எல்லாம் லாரியில் ஏறிவிடும். திங்கள் காலை அங்கே டயர் தேய்ந்த கறுப்புக் கோடுகளும் வேர்க்கடலைத் தோலும்தான் மிச்சம். என் தொழிலில் இதற்கு டெப்லாய்மென்ட் என்று ஒரு வார்த்தை உண்டு. முப்பது வருஷத்துக்கும் மேல் வருஷாவருஷம் முதலிலிருந்து டெப்லாய் செய்திருக்கிறார்கள். இடம் நிரந்தரமில்லை என்பதால் அங்கே யாருடைய இருக்கையும் நிரந்தரமில்லை. தொழிலதிபர் சாமியானாவில் உட்கார்ந்தார், பிரஸ் ஷாப் பையன் லுங்கிப் பந்தலில். வெயில் இரண்டு பேருக்கும் ஒன்று என்று சொல்ல ஆசைதான். இல்லை, சாமியானாவில் கொஞ்சம் குறைவு.

1990ல் இருங்காட்டுக்கோட்டையில் கிளப் சொந்தமாகத் தடம் போட்டது. சுமார் 3.7 கிலோமீட்டர். பக்கத்தில் ஹூண்டாய் வருவதற்கு ஆறு வருஷம் முன்பு. பிட், கட்டுப்பாட்டுக் கோபுரம், வேலி, எல்லாம் நிரந்தரம். சோழவரத்தில் பார்வையாளனுக்கும் காருக்கும் நடுவே இருந்த வைக்கோல் கட்டை நினைத்தால் இன்று வயிற்றைக் கலக்கும். அந்த வகையில் மாறியது நல்லது. 2005ல் ஃபார்முலா ஒன்னுக்குப் போன நரேன் கார்த்திகேயன், 2010ல் போன கருண் சந்தோக், இரண்டு பேரும் இந்தத் தடத்தின் பிள்ளைகள். ஆனால் பழைய கூட்டம் இங்கே வந்து சேரவில்லை. டிவி வந்ததும் காரணம், தூரமும் காரணம், செங்குன்றம் பக்கத்து ஜனம் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் எதற்கு வரும்?

அப்பாவும் வரவில்லை. "அது ஃபேக்டரி மாரி இருக்குதாம்" என்பார், பார்க்காமலே.

இனி காது. ஆறு வருஷத்துக்கு முன் அவரை ஆடியோகிராம் எடுக்கக் கூட்டிப்போனேன். நாலாயிரம் ஹெர்ட்ஸ் பக்கத்தில் கோடு பள்ளமாக இறங்கியிருந்தது. இரைச்சலால் போன காதுக்கு அது கிட்டத்தட்ட கையெழுத்து. சத்தமான இடத்தில் வேலை பார்த்தீர்களா என்று டாக்டர் கேட்டார். "சோழவரம் ரேஸ் பாப்பேன் சார், வருஷா வருஷம்" என்றார் அப்பா. முகத்தில் பெருமை.

நான் இன்ஜினியர் புத்தியில் வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். 85 டெசிபலில் எட்டு மணி நேரம் வரை காது தாங்கும். ஒவ்வொரு மூன்று டெசிபல் ஏற்றத்துக்கும் தாங்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபல் என்றால் கால் மணி நேரம். அப்பா பன்னிரண்டு வருஷம், வருஷத்துக்கு இரண்டு நாள், நாளுக்கு ஆறு மணி நேரம் ரேஸ் பார்த்தார் என்றே வைத்துக்கொள்வோம்: 144 மணி நேரம். அதிலும் கார் கடந்துபோகும் நேரம் கொஞ்சம்தான். பிரஸ் ஷாப்பில் முப்பத்தோரு வருஷம், வருஷத்துக்கு முந்நூறு நாள், எட்டு மணி நேரம்: 74,400. அங்கே யாருக்கும் ஒரு பஞ்சு உருண்டைகூடக் கொடுத்ததில்லை. அந்தப் பட்டறை இப்போது இல்லை, கேட்பதற்கும் ஆளில்லை.

இதைப் பேப்பரில் எழுதி அவரிடம் காட்டினேன். காட்டியிருக்கக் கூடாது. இரண்டு எண்களையும் கொஞ்ச நேரம் பார்த்தார். மடித்து டீப்பாய் மேல் வைத்தார். அதற்குப் பிறகு பல மாதம் அவர் சோழவரத்தைப் பற்றிப் பேசவே இல்லை. காதை எதற்குக் கொடுத்தோம் என்பதில் அவருக்கு ஒரு பதில் இருந்தது. நான் அதைத் திருத்திவிட்டேன்.

பேச்சு திரும்பி வந்தது 2024 ஆகஸ்ட் கடைசியில். தீவுத்திடலைச் சுற்றி ஃபார்முலா 4 ராத்திரி ரேஸ். முந்தின டிசம்பரில் மிக்ஜாம் புயலால் தள்ளிப்போனது. மூன்றரை கிலோமீட்டர் சாலைக்குத் தடுப்புச் சுவர் வைத்து, விளக்குப் போட்டு, ஓட்டி முடித்துப் பிரித்துக்கொண்டு போனார்கள். டிவியில் பார்த்துக்கொண்டிருந்தவர், "நம்ம சோழவரம் மாரியே வச்சி எடுக்குறான்" என்றார். 2025 ஜனவரியில் அஜித்தின் அணி துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அதன் பிரிவில் மூன்றாவதாக வந்தபோது பேத்திக்கு அவர்தான் விளக்கினார். அப்போதுதான் இவரை ஒருமுறை இருங்காட்டுக்கோட்டைக்குக் கூட்டிப்போவது என்று முடிவு செய்தேன். மனைவிக்குத் தயக்கம்தான். 2023 ஒரே வருஷத்தில் அந்தத் தடத்தில் ஒரு மூத்த ஓட்டுநரும் பதின்மூன்று வயது பைக் ரேஸர் ஒருவனும் இறந்தார்கள். "நாம வேலிக்கு இந்தப் பக்கம்தான் இருப்போம்" என்று சொன்னேன். அது அவள் கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

சனிக்கிழமை காலை காரில் பையை ஏற்றும்போது ஜமக்காளத்துக்கு மேல் ஒரு லுங்கி மடித்து வைக்கப்பட்டிருந்தது.

பத்து மணிக்கே வெயில் ஏறிவிட்டது. அப்பா இரண்டு மிஷினையும் கழற்றி, டப்பியில் போட்டு, என் சட்டைப் பையில் வைத்தார். மகள் தன் காதுக் கவசத்தைத் தொட்டுக்காட்டி, "தாத்தா, உனக்கு?" என்றாள். அவருக்குக் கேட்கவில்லை. லுங்கியின் இரண்டு முனையை வேலிக் கம்பியில் முடிந்து, மறு முனைகளை என்னையும் அவளையும் பிடிக்கச் சொன்னார். ஒரு ஆள் உட்காரும் அளவு நிழல் விழுந்தது. அவளை உட்காரவைத்தார்.

ஐந்து நிமிஷத்தில் செக்யூரிட்டி வந்தார். இருபத்தைந்து வயது இருக்கும். வேலியில் துணி கட்டக் கூடாது, அவிழ்த்துவிடுங்கள் என்றார். அப்பா அவர் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டு, "தம்பி எந்த ஊரு?" என்றார்.

"செங்குன்றம் பக்கம், பெரியவரே."

"அப்ப சோழவரம் ரேஸ் தெரியுமா?"

பையன் என்னைப் பார்த்தார். "சோழவரமா? அங்க ஏரிதான சார் இருக்குது?"

நான் அதை அப்பாவிடம் சைகையில் சொன்னேன். அவர் லுங்கி முடிச்சை அவிழ்த்துக்கொண்டே சத்தமாகச் சொல்ல ஆரம்பித்தார். தடத்தில் முதல் கார் வந்துவிட்டது, பையனுக்கு ஒரு வார்த்தையும் கேட்டிருக்காது. ஆனாலும் நகராமல் நின்றுகொண்டிருந்தார்.