கார் ஆயில் ஃபில்டர்: தேர்வும் பொருத்தமும்

ஆயில் ஃபில்டர் என்பது கார் இன்ஜினுக்குள் சுழலும் ஆயிலிலிருந்து உலோகத் துகள், கரி, தூசி ஆகியவற்றைப் பிரித்தெடுக்கும் வடிகட்டி. இன்ஜினின் அடித்தொட்டியான சம்ப்பில் உள்ள ஆயிலை பம்ப் உறிஞ்சி, இந்த வடிகட்டியின் வழியே செலுத்தி, கிராங்க்ஷாஃப்ட் பேரிங், கேம்ஷாஃப்ட், டர்போ இருந்தால் அதன் பேரிங் ஆகியவற்றுக்கு அனுப்புகிறது. சிறிய கார்களில் பெரும்பாலும் மூன்று, நான்கு லிட்டர் ஆயில்தான் இருக்கும். வண்டி ஓடும் நேரமெல்லாம் அதே ஆயில் திரும்பத் திரும்ப ஃபில்டரைக் கடக்கிறது. மொத்த சர்வீஸ் செலவில் ஃபில்டரின் பங்கு சிறியது. அதனாலோ என்னவோ, கடைக்காரர் எடுத்துக் கொடுத்ததை அப்படியே வாங்கி மாட்டிவிடும் வழக்கம் பரவலாக இருக்கிறது.

வரலாறு

தொடக்ககாலக் கார்களில் ஃபில்டர் கிடையாது. பெரிய கசடைத் தடுக்கும் கம்பி வலை மட்டுமே உண்டு. ஆயிலை அடிக்கடி மாற்றுவதே அன்றைய தீர்வு. அமெரிக்காவில் எர்னஸ்ட் ஸ்வீட்லேண்டும் ஜார்ஜ் கிரீனால்கும் 1920களின் தொடக்கத்தில் உருவாக்கிய வடிகட்டி, ப்யூரோலேட்டர் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. கிரைஸ்லர் நிறுவனம் 1924இல் தன் ஆறு சிலிண்டர் காரில் ஆயில் ஃபில்டரைச் சேர்த்தே விற்றது. அந்தக்கால ஃபில்டர்களில் ஆயிலின் ஒரு சிறு பங்கு மட்டுமே வடிகட்டப்பட்டது. முழு ஆயிலும் ஃபில்டரைக் கடந்த பிறகே பேரிங்குக்குப் போகும் முறை இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பரவியது. டப்பாவோடு திருகி மாட்டும் வகை 1950களில் வந்தது. ஆனால் காற்றால் குளிரூட்டப்பட்ட ஃபோக்ஸ்வேகன் பீட்டில், வலையை மட்டும் நம்பியே பல பத்தாண்டுகள் ஓடியது.

இரு வகைகள்

இன்று காணப்படுபவை இரண்டு. தகர டப்பாவோடு முழுதாகக் கழற்றி எறியும் வகை ஒன்று. இன்ஜினிலேயே நிலையான கூடு இருக்க, உள்ளே உள்ள காகித எலிமென்ட்டை மட்டும் மாற்றும் வகை மற்றொன்று. மாருதி, டாட்டா கார்கள் பலவற்றில் ஓடிய ஃபியட்டின் 1.3 லிட்டர் டீசல் இன்ஜின் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது. எலிமென்ட் வகையில் மூடியின் ரப்பர் வளையத்தையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பெட்டியிலேயே புது வளையம் வந்தும், பழையதை விட்டுவிட்டு வேலையை முடிப்பது பட்டறைகளில் நடக்கிற ஒன்று. எந்த வகையைப் போடுவது என்பது உரிமையாளரின் விருப்பம் அல்ல. இன்ஜினை வடிவமைத்தவர்கள் அதை முன்பே முடிவு செய்துவிட்டார்கள்.

பொருத்தம்

தேர்வில் முதலில் பார்க்க வேண்டியது பொருத்தம். வடிகட்டும் திறன் அதற்குப் பிறகுதான். மரை ஏறிவிட்டது என்பதாலேயே அது சரியான ஃபில்டர் ஆகிவிடாது. முக்கால் அங்குல விட்டத்தில் அங்குலத்துக்கு 16 மரை என்பது ஓர் அளவு. 20 மில்லிமீட்டர் விட்டத்தில் 1.5 மில்லிமீட்டர் மரை இடைவெளி என்பது மற்றோர் அளவு. முதலாவதை மில்லிமீட்டரில் சொன்னால் விட்டம் 19.05, இடைவெளி ஏறத்தாழ 1.59. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். 20 மில்லிமீட்டர் ஃபில்டர் இன்ஜினில் உள்ள முக்கால் அங்குலத் தண்டில் தளர்வாக ஏறி, இறுகியதுபோலவும் காட்டும். ஆயில் அழுத்தம் ஏறும்போது அது பிடி விட்டுப்போனால், சில நொடிகளில் இன்ஜின் ஆயில் முழுவதும் சாலையில் கொட்டிவிடும். இன்ஜினோடு பொருந்தும் ரப்பர் வளையமான கேஸ்கெட்டின் விட்டமும் அதேபோல் மிகச்சரியாக இருக்க வேண்டும்.

வெளியே தெரியாதவை வால்வுகள். ஃபில்டர் அடைத்துக்கொண்டாலோ, குளிரில் ஆயில் கெட்டியாக இருந்தாலோ பைபாஸ் வால்வு திறந்து, வடிகட்டாத ஆயிலையாவது இன்ஜினுக்கு அனுப்பும். அழுக்கு ஆயில் தேய்மானத்தைக் கூட்டும், ஆயிலே இல்லாவிட்டால் இன்ஜின் சீஸ் ஆகிவிடும் என்பதே இந்த ஏற்பாட்டின் கணக்கு. இந்த வால்வு எந்த அழுத்த வேறுபாட்டில் திறக்க வேண்டும் என்பது இன்ஜினுக்கு இன்ஜின் மாறும். சில இன்ஜின்களில் இது ஃபில்டரில் இல்லாமல் பிளாக்கிலேயே இருக்கும். அதே உயரம், அதே மரை கொண்ட வேறொரு காரின் ஃபில்டரைப் போட்டால் வால்வு உரிய நேரத்துக்கு முன்னதாகத் திறந்து, அழுக்கு ஆயில் வழக்கமாகவே பேரிங்குக்குப் போய்க்கொண்டிருக்கலாம். ஓட்டுபவருக்கு எந்த அறிகுறியும் தெரியாது.

இன்ஜினை நிறுத்தியதும் ஃபில்டரிலிருந்து ஆயில் பின்னோக்கி வடியாமல் தடுப்பது இன்னொரு வால்வு. ஃபில்டர் படுக்கை வாட்டிலோ தலைகீழாகவோ மாட்டப்பட்ட கார்களுக்கு இது மிகவும் தேவை. பொதுவாக நைட்ரைல் ரப்பரால் செய்வார்கள்; வெப்பத்தில் அது நாளடைவில் விறைத்துப்போகும். சிலிக்கோன் நீடித்து உழைக்கும், விலையும் கூடுதல். காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஓரிரு நொடி கடகடவென்று ஓசை வந்து அடங்கினால் சந்தேகிக்க வேண்டியவற்றில் இந்த வால்வும் ஒன்று.

மைக்ரான் கணக்கு

மனித முடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். பேரிங்கைத் தேய்க்கும் துகள்கள் பெரும்பாலும் அதைவிட மிகச் சிறியவை. ஃபில்டரின் திறனை ஐஎஸ்ஓ 4548-12 என்ற சோதனை முறையில் அளக்கிறார்கள். பெட்டியில் 99 சதவீதம் என்று மட்டும் அச்சிட்டிருந்தால் அதற்குப் பொருளே இல்லை. 20 மைக்ரானில் 99 சதவீதம் என்பதும், 40 மைக்ரானில் 99 சதவீதம் என்பதும் வெவ்வேறு தரம். சிறந்த ஃபில்டர் மூன்றை ஒருங்கே தர வேண்டும்: நுண்துகளைப் பிடித்தல், ஆயிலைத் தடையின்றி விடுதல், நிறைய அழுக்கைத் தாங்குதல். ஒன்றைக் கூட்டினால் மற்றொன்று குறையக்கூடும். காகிதத்தோடு கண்ணாடி இழை கலந்தவையும் முழுச் செயற்கை இழையால் ஆனவையும் இந்த இழுபறியைக் குறைக்கின்றன. 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாற்றும் சாதாரணப் பெட்ரோல் காருக்கு நல்ல காகித ஃபில்டரே போதும். பந்தயக் கார் படம் போட்ட விலையுயர்ந்த ஃபில்டர் அதற்கு வீண் செலவு. நீண்ட இடைவெளியில் ஆயில் மாற்றும் டர்போ இன்ஜின்களுக்கு செயற்கை இழை பொருத்தமாக இருக்கும்.

எந்த ஃபில்டரும் ஆயிலில் கரைந்த பெட்ரோலையும் அமிலத்தையும் நீக்காது. தீர்ந்துபோன சேர்மானங்களையும் மீட்டுத் தராது. ஆகவே உயர்ந்த ஃபில்டர் போட்டிருக்கிறோம் என்று ஆயில் மாற்றும் தவணையைத் தள்ளிப்போடக் கூடாது.

கம்பெனி ஃபில்டரும் போலியும்

கார் நிறுவனங்கள் பொதுவாக ஃபில்டரைத் தாமே செய்வதில்லை. மான் ஹம்மல், மாலே, பாஷ் போன்ற உற்பத்தியாளர்கள் கார் நிறுவனங்களுக்கும் வழங்குகிறார்கள், தம் பெயரிலும் விற்கிறார்கள். அத்தகையவர்களின் பட்டியலில் உங்கள் காரின் மாடல், ஆண்டு, இன்ஜின் மூன்றுக்கும் குறிப்பிட்ட எண்ணையே வாங்கலாம். கம்பெனி பெட்டிதான் வேண்டும் என்பதில்லை. மாடல் பெயர் மட்டும் போதாது: ஒரே பெயரில் பெட்ரோலும் டீசலும், பழைய இன்ஜினும் புதியதும் இருக்கும்.

உண்மையான ஆபத்து போலிகளில்தான். மங்கலான அச்சு, ஒழுங்கற்ற மடிப்புகள், விறைத்த கேஸ்கெட், வழக்கத்துக்குக் குறைந்த எடை ஆகியவை எச்சரிக்கைக் குறிகள். பழைய ஃபில்டரை அறுத்துப் பார்த்து இன்ஜினின் நிலையை அறிய விரும்புவோர் ஹேக்ஸா பிளேடைத் தவிர்க்க வேண்டும். அதன் உலோகத்தூளே உள்ளே விழுந்து குழப்பும். இதற்கென ஃபில்டர் கட்டர் கிடைக்கிறது.

மாட்டும் முறை

திருகி மாட்டும் டப்பா வகையில், பழைய கேஸ்கெட் இன்ஜினில் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும். இரண்டு கேஸ்கெட் சேர்ந்தால் ஒழுகுவது ஏறக்குறைய உறுதி. புதிய கேஸ்கெட்டின் மேல் சிறிது ஆயில் தடவி, கேஸ்கெட் தொட்டதும் முக்கால் சுற்று கையால் இறுக்கினால் போதும். சரியான அளவு பெரும்பாலும் ஃபில்டரின் மேலேயே அச்சிடப்பட்டிருக்கும். செயின் ரெஞ்ச் கழற்றுவதற்கு மட்டுமே. பிறகு இன்ஜினை ஓட விட்டு, சிவப்பு ஆயில் விளக்கைக் கவனியுங்கள். அது சில நொடிகளில் அணையாவிட்டால் ஆக்ஸிலேட்டரை மிதித்துப் பார்க்காமல் உடனே இன்ஜினை நிறுத்திவிடுங்கள்.