மிதியடியும் மனித உரிமையும்

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவிலுக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, பாறசாலை என்னும் ஊர்களைக் கடந்தால் களியக்காவிளை எல்லையை அடைகிறோம். இவ்வெல்லைப்புறச் சிற்றூர்களில் தமிழும் மலையாளமும் ஒரே முற்றத்தில் உலவுகின்றன. 1956 ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் தமிழகத்தோடு இணைந்தன. தமிழர் இயக்கம் கோரிய நெய்யாற்றின்கரையோ கேரளத்திலேயே நின்றுவிட்டது. தாயகத்திற்கு அப்பால் வாழும் நம்மில் பலருக்கு அவ்வூரின் பெயர் ஒரு பழைய ஏக்கத்தை நினைவூட்டக்கூடும். ஆயினும் இன்று நாம் ஆராயப் புகுவது எல்லையின் வரலாறு அன்று. அந்த எல்லையைக் கடந்து நடந்த கால்களின் வரலாறு.

காலுக்கு அணி பூணுதல் தமிழர்க்குப் புதிதன்று. கடியலூர் உருத்திரங்கண்ணனார் இயற்றிய பெரும்பாணாற்றுப்படையில் செருப்புக்குத் ‘தொடுதோல்’ என்ற அழகிய பெயரைக் காண்கிறோம். ஆநிரை மேய்க்கும் ஆயன் ஒருவனை அந்நூல் வருணிக்கும்போது, இடையறாது செருப்பணிந்ததனால் அவன் அடிகளில் தழும்பு ஆழப் பதிந்திருந்தது என்கிறது. காலைக் காக்க வந்த தோலே காலில் வடுவையும் பதித்தது என்னும் உண்மையை நம் முன்னோர் அன்றே கண்டிருந்தனர். ஆயினும் அவ்வாயன் பூண்ட செருப்பு அவன் தொழிலுக்கு வேண்டியது. முள்ளும் கல்லும் நிறைந்த காட்டில் அவனுக்கு அது துணை. பிறர் ஆணைக்காக அவன் அதைப் பூணவில்லை.

பிற்காலத்தில் நிலைமை மாறிற்று. திருவிதாங்கூர் நாட்டில் செருப்பு சாதியின் அடையாளமாயிற்று. குமிழ் வைத்த மரமிதியடி உயர்ந்தோர் வீட்டுத் திண்ணைகளில் ஒலித்தது. உழைக்கும் மக்களுக்கோ அது விலக்கப்பட்ட பொருள். லண்டன் மிஷன் சங்கத்தின் சார்பில் திருவிதாங்கூரில் பணியாற்றிய சாமுவேல் மட்டீர் 1871 இல் வெளியிட்ட நூலில், நாடார் மக்கள் குடை பிடிக்கவும், செருப்பணியவும், பொன்னகை பூணவும் தடை இருந்ததைப் பதிவு செய்திருக்கிறார். அவர்தம் பெண்கள் தண்ணீர்க் குடத்தை இடுப்பில் சுமக்கவும் உரிமை பெற்றிருக்கவில்லை. மேலாடை உரிமைக்காக அப்பெண்கள் பல்லாண்டு போராடிய பின்னரே 1859 ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் அரசறிக்கை வெளிவந்தது. அதுவும் உயர்சாதிப் பெண்டிரைப் போல உடுத்தலாகாது என்னும் நிபந்தனையோடு வெளிவந்தது.

செருப்பு மட்டுமா விலக்கப்பட்டது? சிலருக்குச் சாலையே விலக்கப்பட்டிருந்தது. நெய்யாற்றின்கரை வட்டத்தைச் சேர்ந்த வெங்ஙானூரில் 1863 இல் பிறந்த அய்யன்காளி, 1893 இல் வில்வண்டி ஒன்றில் ஏறிப் பொதுச்சாலையில் சென்றார். புலையர் குலத்தில் பிறந்த ஒருவர் அவ்வழியே செல்வது அக்காலத்தில் பெருங்குற்றமாகக் கருதப்பட்டது. எதிர்ப்புக்கு அஞ்சாது அவர் சென்ற அப்பயணம் கேரள வரலாற்றின் திருப்புமுனைகளுள் ஒன்றாயிற்று.

இதே வட்டத்தில் அமைந்த பாலராமபுரத்தின் கதையும் காலோடு தொடர்புடையது. 1798 முதல் 1810 வரை ஆண்ட பாலராமவர்மர் காலத்தில் தமிழ்ப் பகுதிகளிலிருந்து சாலியர் குல நெசவாளர் இங்கே குடியமர்த்தப்பட்டனர். குழித்தறியில் அமர்ந்து நெய்வோருக்குக் கையைப் போலவே காலும் கருவி. கால் மிதிபலகையை அழுத்தினால்தான் பாவு பிரியும், நாடா ஓடும். செருப்பில்லாத கால்கள் நெய்த ஆடையை அணிந்தே மேன்மக்கள் மிதியடியில் உலவினர்.

இனி, கடல் கடந்த நாடுகளின் செய்தியைச் சிறிது நோக்குவோம். இன்று ‘ஹைஹீல்ஸ்’ என்று கடைத்தெருவில் வழங்கும் குதியுயர்ந்த செருப்பு பெண்களுக்காகத் தோன்றியதன்று. குதிரை மீதமர்ந்து வில் வளைத்த பாரசீக வீரர், அங்கவடியில் கால் நழுவாதிருக்கக் குதியை உயர்த்தி அமைத்துக் கொண்டனர். பதினேழாம் நூற்றாண்டில் இவ்வழக்கம் ஐரோப்பியப் பிரபுக்களிடம் பரவிற்று. பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயி செந்நிறக் குதியை அரசவையின் சிறப்புச் சின்னமாக்கினார். உழவனும் தொழிலாளியும் அணிந்து வேலை செய்ய இயலாத செருப்பு அது; இயலாமையே அதன் பெருமை. பின்னர் ஆடவர் அதைக் கைவிட, அது பெண்களின் அணியாக நிலைத்தது. 1950 களில் உள்ளே எஃகுத் தண்டு பொருத்திய ஊசிக்குதி தோன்றியபோது உயரம் மேலும் ஏறிற்று. காலின் துன்பமும் ஏறிற்று.

மனிதப் பாதத்தில் 26 எலும்புகள் உள்ளன. வெறுங்காலில் நிற்கையில் உடலின் பாரம் குதிக்கும் முன்பாதத்திற்கும் பகிர்ந்தளிக்கப்படுகிறது. குதி உயர உயர அப்பாரம் முன்னோக்கிச் சரிந்து விரல்களின் அடிப்பகுதியை அழுத்துகிறது. செருப்பின் முனை குறுகியதாயின் பெருவிரல் வளைந்து அதன் மூட்டு புடைக்கிறது. விரலிடை நரம்பு நசுங்கி எரிச்சல் உண்டாகிறது. நெடுங்காலம் உயர்குதி அணிந்த பெண்களை ஆராய்ந்து 2010 இல் வெளியான ஓர் ஆய்வு, அவர்களது கெண்டைக்கால் தசைநார்கள் ஏறக்குறைய 13 விழுக்காடு குறுகியிருந்ததையும், குதிநாண் தடித்து விறைத்திருந்ததையும் கண்டறிந்தது. இத்தகையோர் திடீரெனத் தட்டைச் செருப்புக்கு மாறினால் வலி மிகுவது இதனாலேயே.

துன்பத்தைத் தவிர்க்கும் வழிகள் எளியவை. அன்றாடப் பயன்பாட்டுக்கு ஓர் அங்குலத்திற்கு மேற்படாத, அகன்ற குதியே நன்று. விரல்கள் தாராளமாக அசையும் இடம் வேண்டும். மாலையில் பாதம் சற்றே வீங்கியிருக்குமாதலின், செருப்பு வாங்க அதுவே தக்க நேரம். உயர்குதிக்குப் பழகியவர்கள் உயரத்தைப் படிப்படியாகக் குறைத்தல் வேண்டும். சுவரில் கையூன்றி, ஒரு காலைப் பின்னே நீட்டிக் குதியைத் தரையில் அழுத்தி அரை நிமிடம் நின்றால் கெண்டைத்தசை நீளும். வீடு திரும்பியதும் காலைத் தலையணை மேல் உயர்த்தி வைப்பதும், உருளையான சீசாவைப் பாதத்தின் அடியில் உருட்டுவதும் இதம் தரும். நீரிழிவு உடையோர் சுடுநீரில் காலை வைத்தலாகாது. உணர்ச்சி குன்றிய காலுக்குச் சூடு தெரியாது. மரத்துப்போதலோ, நீங்காத வீக்கமோ காணின் மருத்துவரை நாடுவதே அறிவுடைமை.

ஆனால் மருந்து மட்டும் போதுமா? வேலையின் நிபந்தனையாகவே உயர்குதி விதிக்கப்படும்போது, அறிவுரையால் என்ன பயன்? இதனை உணர்ந்தே 2017 இல் பிலிப்பைன்ஸ் அரசு, பெண் ஊழியரை உயர்குதி அணியுமாறு கட்டாயப்படுத்தலாகாது என ஆணையிட்டது. நம் நாட்டில் துன்பத்தின் வடிவம் வேறு. ஜவுளிக்கடைகளிலும் நகைக்கடைகளிலும் பணிபுரியும் பெண்கள் நாள் முழுதும் நின்றே தீரவேண்டிய நிலை இருந்தது. கோழிக்கோட்டுக் கடைகளின் பெண் தொழிலாளர் இதை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்தனர். அதன் விளைவாக 2018 இல் கேரளம் தன் கடைகள் சட்டத்தைத் திருத்தி, ஊழியருக்கு இருக்கை வசதி அளிப்பதைக் கடமையாக்கியது. 2021 இல் தமிழகமும் அவ்வாறே சட்டம் இயற்றிற்று. ஆகவே பாறசாலைக் கடையில் நிற்கும் பெண்ணுக்கும், எல்லை தாண்டிய களியக்காவிளைக் கடையில் நிற்கும் பெண்ணுக்கும் இன்று அமரும் உரிமை உண்டு. 1956 இல் வரைந்த கோடு இவ்வுரிமையைப் பிரிக்கவில்லை.

ஒரு காலத்தில் செருப்பணியாதே என்று ஆணையிட்டனர். பின்னொரு காலத்தில் இந்தச் செருப்பையே அணிந்து நில் என்று ஆணையிட்டனர். இரண்டு ஆணைகளும் பிறந்த இடம் ஒன்றே. காலுக்குரியவரைக் கேளாமலே காலைப் பற்றி முடிவு செய்யும் அதிகாரமே அது. சென்னையிலோ, பம்பாயிலோ, டில்லியிலோ நம் பெண்மக்கள் வேலைக்குப் புறப்படும் காலையில், அவர்கள் அணிவது அவர்கள் விரும்பியதா, விதிக்கப்பட்டதா என்று நாம் ஒருமுறையேனும் கேட்டல் வேண்டும். கடையில் நுழையும்போது அங்குள்ள பெண் அமர இருக்கை இருக்கிறதா என்றும் நோக்குதல் வேண்டும். வில்வண்டி சென்ற சாலையின் வரலாற்றை அறிந்தோர்க்கு இக்கேள்வி சிறியதாகத் தோன்றாது.