யுனைடெட் 232 விமான விபத்து

1989 ஜூலை 19 அன்று டென்வரிலிருந்து சிகாகோ சென்ற டிசி-10 விமானத்தில் நேர்ந்த இயந்திரக் கோளாறும், அதை விமானிகள் சமாளித்த முறையும் வான்போக்குவரத்து வரலாற்றில் தனியிடம் பெற்றவை. வால்பகுதி எஞ்சினின் டைட்டானியம் விசிறித் தட்டு நடுவானில் உடைந்து சிதறியது. ஒன்று போனால் மற்றொன்று என்று அமைத்திருந்த மூன்று ஹைட்ராலிக் அமைப்புகளின் குழாய்களும் வாலருகே சென்றதால், மூன்றுமே ஒருசேரச் செயலிழந்தன. அவற்றால் இயங்கிய சுக்கான் உட்பட எதுவும் அசையவில்லை.

கேப்டன் ஆல் ஹெய்ன்ஸ் குழுவுக்கு எஞ்சியவை இறக்கைகளிலிருந்த இரண்டு எஞ்சின்கள் மட்டுமே. பயணியாக வந்த விமானப் பயிற்றுநர் டென்னிஸ் ஃபிட்ச் விமானி அறைக்கு வந்து இரு த்ராட்டில்களையும் இயக்கினார். ஒன்றைக் கூட்டி மற்றதைக் குறைத்தால் விமானம் திரும்பும். இரண்டையும் கூட்டினால் மூக்கு உயரும். இப்படியே சுமார் 44 நிமிடங்கள் பறந்தது.

குறைந்த வேகத்தில் இறங்க உதவும் இறக்கை ஃபிளாப்புகளை விரிக்க முடியாததால், அயோவாவின் சூ சிட்டியில் அளவுமீறிய வேகத்தில் இறங்கியது. வலது இறக்கை தரையில் இடித்து விமானம் உடைந்து தீப்பற்றியது. 296 பேரில் 184 பேர் பிழைத்தனர். பின்னர் சிமுலேட்டரில் முயன்ற விமானிகளால் இந்நிலையில் பத்திரமாகத் தரையிறக்க இயலவில்லை. விசிறித் தட்டு உடையக் காரணமான, அதன் உலோகக் குறையில் தொடங்கிய விரிசல் பரிசோதனையில் தவறவிடப்பட்டிருந்தது.