பாரிமுனையும் ஒரு சிறு குறியும்



போன வாரம் பேத்தி வீட்டுப்பாட நோட்டோடு வந்தாள். "தாத்தா, அப்பாஸ்ட்ரபி எஸ் போட்டா 'உடைய'ன்னு அர்த்தமா?" என்றாள். ஆமாம் என்றேன். உங்களுக்கும் வகுப்பில் அப்படித்தான் சொன்னேன். அது பாதி உண்மைதான்.

அந்தக் குறி முதலில் 'உடைய' என்பதற்காக வந்ததே இல்லை. எழுத்து ஒன்று விட்டுப்போயிருக்கிறது என்று காட்ட, 16ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு வழியாக இங்கிலீஷுக்கு வந்தது. பழைய இங்கிலீஷில் உடைமைக்கு 'எஸ்' என்று ஒரு விகுதி உண்டு, நம் ஆறாம் வேற்றுமை உருபு மாதிரி. நாளடைவில் அதிலிருந்த 'இ' எழுத்து தேய்ந்து போனது. போன எழுத்தின் இடத்தில் குறி உட்கார்ந்தது. 17ஆம் நூற்றாண்டுக் கடைசியில்தான் ஒருமைக்கு இது வழக்கமாக நிலைத்தது. பன்மைக்கு அதற்கும் பின்னால்.

நம் ஊரில் இந்தக் குறி பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும். தாமஸ் பாரி என்ற வேல்ஸ்காரர் 1788இல் சென்னையில் வியாபாரம் தொடங்கினார். அவர் கம்பெனி இருந்த முனை இங்கிலீஷில் குறி போட்டு 'பாரியுடைய' ஆனது. நம்மவர் வாயில் 'பாரிஸ் கார்னர்'. சின்ன வயதில் அது பிரான்சு தேசத்துப் பாரிஸ் என்றே நினைத்திருந்தேன் (சிரிக்காதீர்கள்). தமிழில் பாரிமுனை என்றதும் 'ஸ்' போயே போச்சு. பறம்புமலைப் பாரி வள்ளலோ என்று கேட்பவர்களும் உண்டு!

1915இல் தொடங்கிய உமன்ஸ் கிறிஸ்டியன் காலேஜ் பெயரைப் பாருங்கள். குறி எஸ்ஸுக்கு முன்னால் வரும். 'விமென்' ஏற்கெனவே பன்மை, கடைசியில் எஸ் இல்லை. அதனால்தான்.

இனி நான் சொல்ல வந்த விஷயம். 'இட்ஸ்' என்ற சொல். 'அதனுடைய' என்றால் குறி கிடையாது. 'அது இருக்கிறது' என்றால் உண்டு. 17, 18ஆம் நூற்றாண்டில் இங்கிலீஷ்காரர்களே 'அதனுடைய'வுக்கும் குறி போட்டு எழுதியிருக்கிறார்கள். பிறகுதான் விட்டார்கள்.

டிரெயினிங் முடித்து வேலைக்கு வந்த புதிதில், ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் வாலைப் பற்றிய வாக்கியத்தில் குறி போடாமல் சரியாக எழுதியிருந்தான். நான் சிவப்பு மையில் குறி போட்டு அரை மார்க் குறைத்தேன். "சார், புத்தகத்துல இல்லையே" என்று நின்றான். உட்காரச் சொல்லிவிட்டேன்.

தம்பி, இதைப் படித்தால் ஒரு வார்த்தை எழுது. பெயர் வேண்டாம், வால் என்று போட்டால் போதும். அந்த அரை மார்க் என்னிடம்தான் இருக்கிறது.