நரம்பில் ஏறும் மருந்து: நோயாளியும் குடும்பமும் கவனிக்க வேண்டியவை

வாயால் சாப்பிடும் மாத்திரை வயிற்றில் கரைந்து, மெல்லத்தான் இரத்தத்தில் சேர்கிறது. நரம்பு ஊசியும் டிரிப்ஸும் நேரே இரத்தத்தில் கலக்கின்றன. உயிர் காப்பதில் இருக்கும் வேகம் தவறு நேர்ந்தாலும் இருக்கும். ஏறிய மருந்தைத் திரும்ப எடுக்க வழியில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2017-ல் ஜெர்மனியின் பான் நகரில் மருந்துப் பாதுகாப்புக்கான உலகளாவிய இயக்கம் ஒன்றைத் தொடங்கியது. மருத்துவப் பணியாளர், மருந்து, நடைமுறை ஆகியவற்றோடு நோயாளிகளையும் பொதுமக்களையும் அதன் நான்கு களங்களில் ஒன்றாக வைத்தது. 2023 செப்டம்பர் 17 அன்று கடைப்பிடிக்கப்பட்ட உலக நோயாளர் பாதுகாப்பு தினத்தின் கருப்பொருளும் நோயாளிகளின் பங்களிப்புதான். காரணம் எளிது. நர்ஸும் டூட்டி டாக்டரும் ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் மாறுவார்கள். கட்டிலருகே தொடர்ந்து இருப்பது குடும்பத்தார்தான்.

மலையிலிருந்து இறங்கும் நோயாளி

கொடைக்கானல் மலைச்சரிவிலுள்ள அடுக்கத்தை எடுத்துக்கொள்வோம். அங்கே ஒருவருக்கு முடியாமல் போனால் மேலே கொடைக்கானல் அரசு மருத்துவமனைக்கு ஏற வேண்டும்; இல்லையென்றால் கும்பக்கரை வழியாகப் பெரியகுளம் இறங்க வேண்டும். மழைக்காலத்தில் அந்தச் சாலையில் மண் சரியும். நோய் கடுமையானால் தேனி க.விலக்கில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரிக்கோ மதுரைக்கோ அனுப்புவார்கள். ஓரிடத்தில் தொடங்கிய டிரிப்ஸ் இன்னோரிடத்தில் தொடரும். இடையில் எந்த ஊசி எத்தனை மணிக்குப் போட்டார்கள் என்ற விவரம் விடுபட்டால், அதே மருந்து மறுபடி ஏறலாம், அல்லது ஏறாமலே போகலாம்.

ஆகவே ரெஃபர் செய்யும் சீட்டில் மருந்தின் பெயர், அளவு, கடைசியாகக் கொடுத்த நேரம் மூன்றையும் எழுதிக் கேட்டு வாங்க வேண்டும். அத்தாவோ அம்மாவோ வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகள், ஒத்துக்கொள்ளாத மருந்து, சர்க்கரை, சிறுநீரகம், இருதயக் கோளாறு ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி ரேஷன் கார்டோடு வைத்திருப்பது நல்லது. குழந்தையானால் எடையையும் எழுதுங்கள். குழந்தைக்கு மருந்தின் அளவை எடையை வைத்தே கணக்கிடுகிறார்கள்.

முதல் கேள்வி: ஏற்றத்தான் வேண்டுமா?

“ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றினால் தெம்பு வரும்” என்று நாமே டாக்டரிடம் கேட்கும் பழக்கம் நம்மிடம் பரவலாக இருக்கிறது. 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் 500 மில்லி பாட்டிலில் இருப்பது 25 கிராம் சர்க்கரையும் தண்ணீரும்தான். வாயால் குடிக்க முடிந்தவருக்குப் பெரும்பாலும் அது தேவையில்லை. ஊசி குத்திய இடத்தில் தொற்று, வீக்கம் என்ற ஆபத்துகளோ உண்டு. “மாத்திரையே போதுமா டாக்டர்?” என்று கேட்பது முதல் பாதுகாப்பு.

பெயர்க் குழப்பம்

ஒரே வார்டில் இரண்டு அப்துல் காதர், மூன்று ஃபாத்திமா இருப்பது நமக்குப் புதிதல்ல. ஆதாரில் ஓர் எழுத்து, காப்பீட்டு அட்டையில் வேறு எழுத்து, வீட்டில் கூப்பிடுவது இன்னொரு பெயர். ஊசியோடு வருபவர் “காதர் பாயா?” என்று கேட்டால் “ஆமாம்” என்று தலையாட்டி நிறுத்திவிட வேண்டாம். முழுப்பெயர், தகப்பனார் பெயர், உள்நோயாளி எண் மூன்றையும் நாமே சொல்ல வேண்டும்.

மருந்து ஏறும்போது

ஒவ்வொரு புதிய மருந்துக்கும், “சிஸ்டர், இது என்ன மருந்து, எதற்கு, எவ்வளவு நேரம் ஏறும்?” என்று கேளுங்கள். ஏற்கெனவே ஓடும் குழாயிலேயே இன்னொரு மருந்தைச் செலுத்தினால் இரண்டும் ஒத்துப்போகுமா என்றும் கேட்கலாம். உதாரணமாக, செஃப்ட்ரியாக்சோன் என்ற ஆன்டிபயாடிக்கையும் கால்சியம் உள்ள ரிங்கர் லாக்டேட்டையும் ஒரே நேரத்தில் ஒரே குழாயில் கலந்து ஏற்றக்கூடாது. பிறந்து 28 நாட்களுக்குள் இருக்கும் குழந்தைக்கு இந்தச் சேர்க்கை அறவே கூடாது.

உடனே நர்ஸைக் கூப்பிட வேண்டிய அறிகுறிகள்:

– அரிப்பு, தடிப்பு, உதடு வீக்கம், மூச்சுத் திணறல், மயக்கம்
– ஊசி இடத்தில் வலி, எரிச்சல், வீக்கம், சிவப்பு, கசிவு
– குழாயில் இரத்தம் திரும்பி வருவது, பாட்டில் தீர்ந்துபோவது

நம் பெண்கள் முழுக்கையால் மூடியிருப்பதால் வீக்கம் வெளியே தெரியாமல் போகலாம். கூட இருக்கும் பெண் அவ்வப்போது கையை விலக்கிப் பார்த்துக்கொள்ள வேண்டும். சீக்கிரம் தீரட்டும் என்று சொட்டு வேகத்தை நாமே கூட்டக்கூடாது. இருதயமும் சிறுநீரகமும் பலவீனமானவருக்குத் திரவம் வேகமாக ஏறினால் நுரையீரலில் நீர் கோத்துவிடும்.

ஊசி இடத்தில் தண்ணீர் படக்கூடாது என்று மருத்துவர் சொன்னால், உளூவில் கட்டின் மேல் ஈரக்கையால் தடவி மஸஹ் செய்ய மார்க்கத்தில் அனுமதி உண்டு. ஷாஃபிஈ மத்ஹபில் அத்துடன் தயம்மும் செய்ய வேண்டும். தொழுகைக்காகக் கட்டை நனைக்கவோ பிரிக்கவோ தேவையில்லை.

பேட்ச் எண்

2024 நவம்பரில் கர்நாடகத்தின் பெல்லாரி அரசு மருத்துவமனையில் பிரசவித்த தாய்மார்கள் அடுத்தடுத்து உயிரிழந்தார்கள். ரிங்கர் லாக்டேட் பாட்டில்கள் மீது சந்தேகம் எழுந்தது. ஒரு நிறுவனத்தின் பாட்டில்களை அந்த அரசு நிறுத்திவைத்தது. பாட்டிலில் விரிசலோ தூசியோ கலங்கலோ தெரிந்தால், காலாவதி தேதி கடந்திருந்தால் ஏற்றுமுன் சொல்லுங்கள். ஆனால் எல்லா மாசும் கண்ணுக்குத் தெரியாது. எனவே லேபிளை, பேட்ச் எண் தெரியும்படி, செல்போனில் படமெடுத்து வையுங்கள். பிரச்சினை வந்தால் அந்த எண்ணை வைத்துத்தான் மற்ற பாட்டில்களைத் தேடிப்பிடிக்க முடியும்.

கேட்பது நம் உரிமை

தேசிய மனித உரிமைகள் ஆணையம் வகுத்த நோயாளர் உரிமைச் சாசனத்தைப் பின்பற்றும்படி 2019-ல் மத்திய சுகாதார அமைச்சகம் மாநிலங்களைக் கேட்டுக்கொண்டது. சிகிச்சை பற்றிய தகவலும் மருத்துவப் பதிவுகளின் நகலும் பெறும் உரிமை அதில் உள்ளன. மருந்தால் பக்கவிளைவு ஏற்பட்டதாகச் சந்தேகித்தால், 2010-ல் தொடங்கிய இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் நாமே தெரிவிக்கலாம்.

டாக்டரிடம் கேட்டால் கோபிப்பாரோ என்று தயங்குகிறோம். “அல்லாஹ் பார்த்துக்கொள்வான்” என்று சும்மா இருந்துவிடுகிறோம். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. சண்டைக்குப் போவது போலல்லாமல், ஸலாம் சொல்லும் அதே கனிவோடு கேட்டால் பெரும்பாலான நர்ஸ்களும் டாக்டர்களும் பதில் சொல்வார்கள். அவர்கள் வேலையும் அதனால் இலேசாகும், இன்ஷா அல்லாஹ்.